பிரிகிட்டே மீரா: 63 வயதில் கிடைத்த முதன்மை வேடம்

1974 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஒரு சின்ன ஜெர்மன் படம் திரையிடப்பட்டது. மியூனிக் நகரில் இரண்டு வாரம் போல எடுத்து முடித்த படம். பெயர் ‘அச்சம் ஆன்மாவைத் தின்னும்’. எழுதி இயக்கிய ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டருக்கு அப்போது 28 வயது. கதாநாயகி பிரிகிட்டே மீராவுக்கு 64. சர்வதேசத் திரை விமர்சகர்களின் பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மன் திரைப்பட விருதுகளில் நடிப்புக்கான தங்க விருது மீராவுக்கு வந்தது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கேளிக்கை மேடைகளில் பாடி ஆடி, சில்லறை வேடங்களில் காலம் தள்ளிய ஒரு வயதான நடிகையை ஓர் இளம் மேதை கண்டெடுத்துப் பெரிய நடிகையாக்கினார் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய மேடை, திரை, தொலைக்காட்சி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. எம்மி என்ற அந்தத் துப்புரவுப் பணிப்பெண் வேடத்தில் நம்மை உலுக்குகிற பலவும் அவர் நாற்பது வருடம் ஒப்பெரெட்டா என்ற இலேசான இசை நாடகத்திலும், காபரே என்ற கேலியும் பாட்டும் கலந்த சிறு மேடையிலும் பழகிய தொழில். ஃபாஸ்பிண்டர் செய்தது அந்தத் தொழிலை இடம் மாற்றி வைத்தது. அதுவே பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டெடுத்தார் என்று சொன்னால், மீரா அதுவரை செய்த வேலை முழுவதும் வீண் என்று ஆகிவிடுகிறது.

சூப்ரெட் என்ற வேலை

மீரா 1910 ஏப்ரல் 20 அன்று ஹம்பர்க்கில் பிறந்தார். அப்பா ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், பியானோ கலைஞர். மகள் பாட்டும் பாலேயும் கற்றுக்கொண்டு, 1929இல் கொலோன் நகரில் ஸ்மெத்தனாவின் ‘விற்கப்பட்ட மணப்பெண்’ ஓபராவில் எஸ்மரால்டாவாக மேடை ஏறினார். அப்புறம் பிரேமர்ஹாஃபன், கிராட்ஸ், கீல் என்று ஊர் ஊராக ஒப்பந்தம்.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடுத்தர அளவு ஊருக்குக்கூட சொந்தமாக ஓர் அரங்கு உண்டு. ஓபரா, நாடகம், நடனம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். நடிகர்களை ஒரு பருவத்துக்கோ இரண்டு பருவத்துக்கோ சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். ஒவ்வொருவரும் ஒரு வகை வேடத்துக்கு என்று எடுக்கப்படுவார்கள். மீரா சூப்ரெட். அதாவது ஒப்பெரெட்டாவில் வருகிற துடுக்கான பெண். வேலைக்காரி, தோழி, கடைக்காரி, சிரிக்க வைக்கிற இளையவள். பெரிய காதல் பாட்டு கதாநாயகிக்குப் போய்விடும். சூப்ரெட்டுக்குக் கிடைப்பது வேகமான பாட்டு, கொஞ்சம் நடனம், நிறைய வசனம்.

லேசான வேலை என்று தோன்றும். உண்மையில் அதில் தவறு செய்ய இடமே இல்லை. பாட்டு முடிந்த கையோடு மூச்சு வாங்காமல் வசனத்துக்கு வர வேண்டும். சிரிப்பு எந்த அசையில் வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வரியைப் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் வரி கேட்காது, பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். எதிரே நிற்பவரிடம் பேசிக்கொண்டே முகத்தில் பாதியை அரங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர் செய்தவர் மீரா.

1941இல் பெர்லின் வந்தார். நாஜி ஆட்சியில் மேடையேற அரசின் நாடக மன்றத்தில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். யூதத் தகப்பனுக்குப் பிறந்தவர்களை அந்த மன்றம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மீரா தன் பிறப்பை மறைத்துக்கொண்டு நடித்தார். இதில் இன்னொரு சிக்கல். 1943-44இல் செய்திப்படத்துடன் சேர்த்துக் காட்டுவதற்காக ‘லீசே - மீசே’ என்ற பிரசாரக் குறும்படத் தொடர் ஒன்று எடுத்தார்கள். லீசே ஆட்சி சொன்னபடி நடக்கிற நல்ல பெண். மீசே எதிரி நாட்டு வானொலி கேட்கிறவள், புலம்புகிறவள், பொருளைப் பதுக்குகிறவள். மீசேயாக நடித்தது மீரா. மக்களுக்குப் பிடித்துப்போனது மீசேயைத்தான் என்றும், அதனால்தான் தொடர் நின்றது என்றும் சொல்வார்கள்.

இதை வீரச்செயலாக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. பிறப்பு வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருந்த ஒரு பெண், அந்த ஆட்சியின் பிரசாரப் படத்திலேயே நடித்திருக்கிறார். சூழ்நிலை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் தொழில் பற்றி ஒன்றை இது காட்டுகிறது. கெட்டவள் என்று எழுதிக் கொடுத்த பாத்திரத்தையும் அவர் நாம் பக்கத்து வீட்டில் பார்க்கிற மனுஷியாகத்தான் நடித்தார். வேறு விதமாக நடிக்க சூப்ரெட்டுக்குத் தெரியாது, பார்வையாளரைத் தன் பக்கம் இழுப்பதுதானே அவள் வேலை.

போருக்குப் பிறகு பெர்லினிலேயே தங்கி காபரே மேடைகளுக்குப் போனார். அரசியல் கிண்டலும் பாட்டும் கலந்த சிறு மேடைகள் அவை. ஐந்தாறு மேஜைகளுக்கு அப்பால் பார்வையாளர் உட்கார்ந்திருப்பார், முகத்தில் ஒரு தசை அசைந்தாலும் தெரியும். 1948இல் வெளிவந்த ‘பெர்லின் பாலாட்’ படத்தில் இருக்கிறார். அதன் பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நகைச்சுவைப் படங்கள், இசைப் படங்கள், தொலைக்காட்சி. கூட்டிப் பார்த்தால் நிறைய வேலை, நினைவில் நிற்கும் வேடம் குறைவு. இந்தப் பகுதியை நானும் வேகமாகத்தான் கடக்கிறேன். அந்தப் படங்கள் பலவற்றில் அவருக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்தார்கள்.

போஹும், 1972

திருப்பம் மேடையிலிருந்து வந்தது. 1972இல் நாடக இயக்குநர் பீட்டர் சாடெக் போஹும் நகர அரங்கின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நிலக்கரிச் சுரங்கமும் கார் தொழிற்சாலையும் அப்போது இருந்த ஊர். நாடகத்துக்கு வராத மக்களை வரவழைக்க வேண்டும் என்று நினைத்தவர், ஹன்ஸ் ஃபல்லாடாவின் ‘சின்ன மனிதா, இனி என்ன?’ நாவலைப் பாட்டும் நடனமும் நிறைந்த ரெவ்யூவாக மேடையேற்றினார். 1930களின் வேலையில்லாத் திண்டாட்டம்தான் கதை, ஆனால் அக்காலக் கேளிக்கை மேடையின் வடிவத்தில். நாடகப் பள்ளியில் படித்த இளைஞர்கள் அந்தப் பாணியைப் பார்த்துப் பழகலாம். அதிலேயே வளர்ந்தவர்கள் கூட இருந்தால்தான் அது உயிர் பெறும். மீரா அதில் நடித்தார்.

அதே 1972 டிசம்பரில் ஃபாஸ்பிண்டரும் போஹும் அரங்கில் ‘லிலியோம்’ நாடகத்தை இயக்கினார். அடுத்த வருடமே மீரா அவருடைய வட்டத்தில் இருக்கிறார்.

ஜெர்மனியில் ‘தீவிரக் கலை’, ‘பொழுதுபோக்கு’ என்ற பிரிவு வெறும் பேச்சு வழக்கல்ல. விமர்சனப் பக்கங்கள், நிதி, விருதுகள் என்று எல்லாவற்றிலும் அந்தக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை 1972இல் மேடையில் அழித்தது சாடெக். ஃபாஸ்பிண்டர் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். இந்த வரிசையை மறந்துவிட்டுத்தான் கண்டெடுத்த கதையைச் சொல்கிறார்கள்.

எம்மி

கதை முன்பே ஃபாஸ்பிண்டரிடம் இருந்தது. 1970இல் எடுத்த ‘அமெரிக்கப் படைவீரன்’ படத்தில் ஹோட்டல் பணிப்பெண் ஒருத்தி இதைச் சொல்கிறாள். எம்மி என்ற துப்புரவுப் பணிப்பெண் அலி என்ற துருக்கியனை மணக்கிறாள், கடைசியில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறாள். பிறகு டக்ளஸ் சிர்க் ஹாலிவுட்டில் எடுத்த படங்களைப் பார்த்து ஃபாஸ்பிண்டர் மனம் மாறினார். வசதியான விதவையும் அவளைவிட இளையவனான தோட்டக்காரனும் காதலிக்கிற சிர்க்கின் 1955ஆம் வருடப் படம் இதற்கு நேரடி முன்மாதிரி. கொலைக் கதை, வயதான எம்மியும் அவரைவிட இளைய மொராக்கோத் தொழிலாளி அலியும் காதலித்து மணக்கிற கதையாகிவிட்டது.

படப்பிடிப்பு 1973 செப்டம்பரில் நடந்தது. முந்தைய வருடம் அதே மியூனிக்கில் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், நகரத்தில் அரபு முகம் என்றாலே சந்தேகம். படம் முடிந்த கொஞ்ச நாளில், 1973 நவம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைப்பதையே மேற்கு ஜெர்மனி நிறுத்திவிட்டது.

எதிரே நடித்தவர் மொராக்கோவைச் சேர்ந்த எல் ஹெடி பென் சலேம். முறையான பயிற்சி இல்லாதவர். படத்தில் நாம் கேட்பதும் அவர் குரல் அல்ல, வொல்ஃப்காங் ஹெஸ் என்ற நடிகர் டப்பிங் பேசியது. ஆக ஒவ்வொரு காட்சியிலும் தாளத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டியவர் மீராதான். அசையாமல் நிற்கிற ஒருவருக்கு எதிரே, அவர் பேச எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துத் தன் முகத்தால் நிரப்ப வேண்டும்.

முதல் காட்சியை மெதுவாகப் பாருங்கள். மழை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூடுகிற மதுக்கூடத்துக்குள் எம்மி வருகிறார். உள்ளே அரபுப் பாட்டு. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. கதவுக்குப் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்துகொள்கிறார். கோலா கேட்கிறார். மேல்கோட்டைக் கழற்றவில்லை. கேலிக்காக ஒருத்தி தூண்டிவிட, அலி வந்து நடனமாடக் கூப்பிடுகிறான். எம்மி எழுந்து போகிறார்.

இதில் மீரா செய்யாமல் விட்டதைக் கவனிக்க வேண்டும். பரிதாபம் சம்பாதிக்க அவர் முயற்சி செய்யவே இல்லை. ஏன் உள்ளே வந்தேன் என்று சொல்லும்போது, விசாரிக்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லும் அவசரம் இருக்கிறது. தனியாக வாழ்கிறவர்கள் பேச ஆள் கிடைத்ததும் பேசுகிற வேகம் அது. வரியை எங்கே போட வேண்டும் என்று நாற்பது வருடம் பழகியவர், இங்கே வரிகளைக் கொஞ்சம் முந்திப் போடுகிறார். மேடையில் சிரிப்புக்காக விடும் இடைவெளியை எடுத்துவிட்டார். அந்த இடைவெளி இல்லாததால் எம்மியின் பேச்சு நமக்கு வலிக்கிறது.

திருமணம் முடிந்ததும் இருவரும் சாப்பிடப் போகும் இத்தாலிய உணவகம் ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட இடம். எம்மிக்கு ரொம்ப நாளாக அங்கே போக ஆசை, அதைச் சந்தோஷமாகச் சொல்கிறார். தெரியாத பெயர்களாகப் பார்த்து விலை உயர்ந்ததை வாங்குகிறார். இறைச்சியை எந்தப் பக்குவத்தில் கொண்டுவரட்டும் என்று பரிமாறுபவர் கேட்கும்போது திணறுகிறார். அப்பாவைப் பற்றிப் பேசும் இன்னொரு இடத்தில், தானும் கட்சியில் இருந்ததாகவும் அப்போது கிட்டத்தட்ட எல்லாரும் இருந்ததாகவும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கட்சி என்றால் நாஜிக் கட்சி. யூதத் தகப்பனின் மகள், அதே ஆட்சியில் பிறப்பை மறைத்துப் பிழைத்தவர், இந்த வரியைக் கனமே ஏற்றாமல் சொல்கிறார். எம்மிக்கு அது கனமான விஷயம் இல்லை என்பதால் மீராவும் கனப்படுத்தவில்லை. அவருடைய நடிப்பில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்த இடம்தான். பாத்திரத்தின் அறியாமையை நடிகை தன் அறிவால் திருத்தவில்லை.

பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திருமணத்தைச் சொல்லும்போது மகன் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான். வேலையிடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் மாடிப்படியில் எம்மியைத் தனியே விட்டு நகர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு எல்லாருக்கும் எம்மியால் ஏதாவது ஆக வேண்டியிருக்கிறது, மெல்ல ஒட்டிக்கொள்கிறார்கள். அப்போது ஹெர்ஸகோவினாவிலிருந்து யோலாண்டா என்ற புதிய பணிப்பெண் வருகிறாள். அவளைத் தள்ளி வைப்பவர்களோடு எம்மியும் உட்காருகிறார். வீட்டுக்கு வந்த தோழிகளிடம் அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்படுகிறார். தள்ளி வைக்கப்பட்டவள் தள்ளி வைப்பவளாகிறாள். இரண்டு பாதியிலும் மீராவின் முகம் அதே அன்பான முகம். பார்வையாளரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் சூப்ரெட்டின் பழைய வித்தை இங்கே எவ்வளவு கொடுமையாக வேலை செய்கிறது பாருங்கள். அவரை வெறுக்க முடியாமல் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்

1974, 75 இரண்டும் மீராவின் வாழ்க்கையில் தனி அத்தியாயம். வெர்னர் ஹெர்சாக்கின் கஸ்பார் ஹௌசர் படத்தில் வீட்டுப் பணிப்பெண் கேத்தே. ஃபாஸ்பிண்டரின் ‘அம்மா குஸ்டர்ஸ் சொர்க்கத்துக்குப் போகிறார்’ படத்தில் மறுபடியும் முதன்மை வேடம். ஆட்குறைப்புச் செய்தி கேட்டு ஒருவரைக் கொன்று தானும் செத்துப்போன தொழிலாளியின் மனைவி அவர். பத்திரிகைக்காரர், பாடகியான மகள், கம்யூனிஸ்ட் தம்பதி, அராஜகவாதி என்று வருகிறவரெல்லாம் அவருடைய துக்கத்தைத் தங்களுக்குத் தோதாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 1975 பெர்லின் விழாவில் இடதுசாரிகள் கொதித்தார்கள். படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் அவர் இறந்துபோகிறார், இன்னொன்றில் ஒரு காவல்காரருடன் சாப்பிடப் போகிறார். எந்த முடிவைப் போட்டாலும் மீராவின் நடிப்பு பொருந்துகிறது.

இந்தப் படங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். யாரும் அதிகம் கண்டுகொள்ளாத இரண்டு தொலைக்காட்சி வேலைகள் என் வாதத்துக்கு இன்னும் முக்கியம்.

ஒன்று, ‘கம்பியில் அமர்ந்த பறவை போல’. மேற்கு ஜெர்மன் வானொலி - தொலைக்காட்சி நிறுவனமான டபிள்யூடிஆருக்காக 1974 ஜூலையில் ஃபாஸ்பிண்டர் எடுத்து, 1975 மே 5 அன்று ஒளிபரப்பான முக்கால் மணி நேர நிகழ்ச்சி. மீரா பழைய பாட்டுகளைப் பாடுகிறார், நடுநடுவே கணவர்களைப் பற்றிப் பேசுகிறார். நிஜ வாழ்க்கையில் ஐந்து முறை திருமணம் செய்தவர் அவர். கண்டெடுத்தவர் என்று சொல்லப்படுகிற இயக்குநரே, எம்மியாக நடித்த கையோடு அவரைப் பழைய ரெவ்யூ மேடைக்குத் திரும்ப அனுப்பி, அதைத் தொலைக்காட்சிக்குப் படமெடுக்கிறார். மீராவிடம் எது இருக்கிறது என்று ஃபாஸ்பிண்டருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொன்று அதே 1975இல் டபிள்யூடிஆருக்கு எடுத்த ‘அச்சத்தின் மீதான அச்சம்’. குழந்தை பெற்ற பிறகு காரணம் தெரியாத பீதியில் மூழ்கும் மார்கோட் என்ற இளம் மனைவியின் கதை. மாடியில் குடியிருக்கும் மாமியார் மீரா. மருமகள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று ஜன்னலிலிருந்து பார்க்கிறவர். எம்மியைப் படிக்கட்டில் நின்று வேவு பார்த்த அண்டை வீட்டுக்காரிகளின் இடத்துக்கு மீராவே வந்துவிட்டார். உருட்டி விழிப்பதில்லை, குரல் உயர்த்துவதில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நம்புகிற ஒரு பெண்மணி, அவ்வளவுதான். எம்மியைப் பார்த்து அழுதவர்கள் இந்த மாமியாரையும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு ஃபாஸ்பிண்டரிடம் மீராவுக்கு முதன்மை வேடம் இல்லை. ‘சீன ரூலெட்’டில் வீட்டுப் பொறுப்பாளர், 1980இல் 13 பகுதிகளும் ஒரு பின்னுரையுமாக வந்த தொலைக்காட்சித் தொடர் ‘பெர்லின் அலெக்சாண்டர்ப்ளாட்ஸ்’இல் வீட்டுச் சொந்தக்காரி பாஸ்ட். நல்ல வேடங்கள்தான். ஆனால் பணிப்பெண், வீட்டுக்காரி என்று வயதான நடிகைகளுக்கு ஒதுக்கும் பழைய அறைக்கே திரும்பிவிட்டார். கலைப்படம் அவரை நடுவில் வைத்திருந்தது சுமார் இரண்டே வருடம்.

வறுவல் கடையின் மூன்று பெண்கள்

அந்த இடத்தை நிரப்பியது மாலை நேரத் தொலைக்காட்சி. ஜெர்மன் பொதுத் தொலைக்காட்சியில் இரவு எட்டு மணிக்கு மேல் விளம்பரம் கூடாது. அதனால் எட்டுக்கு முந்தைய நேரம் குறுந்தொடர்களுக்கும் விளம்பரத்துக்கும் போய்விடும். வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டு மேஜையைத் தயார் செய்துகொண்டே பார்க்கிற நேரம். மேற்கு பெர்லின் ஒலிபரப்பு நிலையம் அந்த நேரத்துக்காக 1977இல் ‘ட்ரை டாமென் ஃபோம் கிரில்’ (வறுவல் கடையின் மூன்று பெண்கள்) தொடரைத் தொடங்கியது. தெருவோரத்தில் சாசேஜ் பொரித்து விற்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்கள். பாட்டி மீரா, மகள் பிரிகிட்டே குரோத்தும், பேத்தி கேப்ரியேலே ஷ்ராம். 140 பகுதிகள், 1992 வரை ஓடியது. தொடங்கும்போது மீராவுக்கு 67 வயது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெர்லின் சுவர் விழுந்தது.

இதை ‘அதற்கப்புறம் சீரியலுக்குப் போய்விட்டார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது எம்மிக்குத் தேவைப்பட்ட அதே திறமை. கை வேலை பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததும் வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரிந்துவிடும். இரண்டு பாத்திரமும் உழைத்துப் பிழைக்கிற வயதான பெண்கள், பேச்சுத் துணை தேடுகிறவர்கள். ஒருத்திக்கு ஊர் கதவைச் சாத்தியது, இன்னொருத்தியின் கடை ஜன்னலுக்கு ஊரே வந்து நின்றது. கான் விழாவில் பரிசு வாங்கிய படத்தைப் பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு மீரா என்றால் இந்தப் பாட்டிதான். பதினைந்து வருடம் தொடர்ந்து வேலையும் பெயரும் கொடுத்தது, கலைஞர்கள் மதிக்காத இந்த நேரப் பகுதிதான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1990களில் ஏவ்லின் கியூனெக்கே, ஹெலன் வீட்டா என்ற இரண்டு பழைய மேடைப் பாடகிகளுடன் சேர்ந்து ‘மூன்று கிழவிகள்’ நிகழ்ச்சியைப் பெர்லினில் நடத்தினார். மூவருமே காபரே வழி வந்தவர்கள், வயதையே பாட்டுக்குப் பொருளாக்கி அரங்கை நிறைத்தார்கள். மற்ற இருவரும் 2001இல், இரண்டே மாத இடைவெளியில் காலமானார்கள். மீரா 2005 மார்ச் 8 அன்று பெர்லினில் இறந்தபோது 95 வயதுக்கு ஆறு வாரம் குறைவு.

அவர் வேலையைப் பார்க்க நினைப்பவர்கள் எம்மியோடு நிறுத்திவிட வேண்டாம் என்பேன். எம்மியைப் பார்த்த வாரத்திலேயே ‘அச்சத்தின் மீதான அச்சம்’ படத்தின் மாமியாரைப் பாருங்கள், பிறகு கிடைத்தால் ‘கம்பியில் அமர்ந்த பறவை போல’ நிகழ்ச்சி. சாசேஜ் கடைப் பாட்டியை எந்தப் பகுதியிலிருந்து தொடங்கினாலும் சரிதான். அவருடைய கைகளை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.